வீட்டு வாசல் வரை விரதம்

காவிரியின் கடைமடையில், முள்ளியாறு பாயும் ஊர் திருத்துறைப்பூண்டி. பெரியநாயகி அம்மையோடு பிறவி மருந்தீசர் எழுந்தருளியிருக்கும் இத்தலம் அசுவினி நட்சத்திரத்தில் பிறந்தோருக்கு உரியதாகப் போற்றப்படுகிறது. கார்த்திகை முதல் நாள் விடிவதற்கு முன்பே இங்கு சரண கோஷம் கேட்கத் தொடங்கிவிடும். சம்பா நடவு முடிந்து, பயிர் பச்சை கட்டி நிற்கும் காலம் அது. அறுவடை தையில்தான். இடையில் கிடைக்கும் இந்த ஓய்வில் டெல்டா விவசாயியின் மனம் மேற்கே திரும்புகிறது. துளசி மாலை அணிந்து, ஒரு மண்டலம் விரதம் காத்து, இருமுடி கட்டி, வேன் ஏறிச் சபரிமலைக்குப் புறப்படுகிறார்.

இந்த மண்ணின் குளிர்காலம் பனிக்கட்டியின் காலமன்று. மழையின் காலம், புயலின் காலம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப் போட்டது. அன்று மாலைதான் சபரிமலையில் மண்டல காலத்துக்கு நடை திறந்தது. தென்னை சாய்ந்து கிடந்த சாலைகளில் மரத்தை வெட்டி அகற்றி வழி செய்துகொண்ட மக்கள், மழையையும் சேற்றையும் கண்டு அஞ்சுகிறவர்கள் அல்லர். ஆனால் அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று உண்டு. அதுதான் சரிவு. ஆற்றங்கரையின் ஏற்றமும் பாலத்தின் முதுகும் தவிர, இந்த ஊரில் மேடு என்று சொல்ல ஏதுமில்லை. குறுகிய வயல்வரப்புச் சாலையில், எதிரே வைக்கோல் ஏற்றி வரும் டிராக்டருக்கு ஒதுங்கி வழிவிடும் சாமர்த்தியம் இவ்வூர் ஓட்டுநருக்குக் கைவந்த கலை. ஒரு மணி நேரம் இடைவிடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும் சாலையை அவர் ஆண்டுக்கு ஒரு முறைதான் காண்கிறார்.

சபரிமலைப் பயணத்தில் பலரும் எண்ணிப் பாராத விந்தை ஒன்று இங்கே இருக்கிறது. சந்நிதானம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 480 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆனால் தேனி வழியாகச் செல்லும் வாகனம் கடக்கும் குமுளியோ சுமார் 900 மீட்டர் உயரம். அதற்கு அப்பால் உள்ள குட்டிக்கானம் 1,000 மீட்டரையும் தாண்டியது. ஆகவே ஐயப்பனைக் காணச் செல்லும் வாகனம், ஐயப்பன் இருக்கும் மலையைவிட உயரமான மலையில் ஏறி, அங்கிருந்து முண்டக்கயத்தின் தாழ்வுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. கால்கள் ஏறுவது பம்பையிலிருந்துதான். அதுவரை சக்கரங்களைச் சோதிப்பது ஏற்றமன்று, இறக்கமே.

திருத்துறைப்பூண்டியிலிருந்து மதுரை வரை பாதையைப் பற்றிப் பெரிய விவாதம் எழுவதில்லை. முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, காரைக்குடி வழியாகச் சென்று, பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகருக்குத் தேங்காய் உடைத்து, திருப்பத்தூர், மேலூர் வழியே மதுரையை அடைவது பலரது வழக்கம். மதுரையை நெருங்கும்போதுதான் ஒவ்வொரு வேனிலும் அந்தக் கேள்வி எழும்: குமுளியா, செங்கோட்டையா?

குமுளி வழி சுருக்கமானது. எரிமேலிக்கு நேராகக் கொண்டு சேர்ப்பது. தேனி, கம்பம், லோயர் கேம்ப் என்று கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தோட்டங்களும் இருபுறமும் விரிய, சாலை மலையடிவாரத்தை அடைகிறது. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு வைகைச் சீமைக்குப் பாயும் இடம் இதுதான். வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று ஆயுள் முழுதும் பார்த்துப் பழகிய கடைமடைப் பெரியவர்கள் இங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்த நீரைக் கைகூப்பி வணங்குவதில் வியப்பில்லை. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. கூட்டம் மிகும் நாட்களில், மலைக்குச் செல்லும் வாகனங்களைக் காவல்துறையினர் கம்பத்திலேயே திருப்பிக் கம்பம்மெட்டு, கட்டப்பனை வழியாக அனுப்பிவிடுவதும், திரும்பும் வாகனங்களை மட்டும் குமுளி வழியே இறக்குவதும் உண்டு. எதிர்வரும் வாகனமே இல்லாத ஒருவழிப் பாதை என்பதால் இதைத் தொல்லை என்று எண்ணாமல் அருள் என்றே கொள்ளலாம். இரு பாதைகளும் குட்டிக்கானத்தில் ஒன்று சேர்கின்றன.

குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை உள்ள இறக்கமே இந்தப் பாதையின் உண்மையான சோதனை. தேயிலைத் தோட்டங்களின் மீது மாலையிலேயே மூடுபனி வந்து படிந்துவிடுகிறது. வளஞ்ஞங்கானம் அருவியின் அருகே வண்டிகள் நிற்கும். நிற்பதும் நல்லதே, சூடேறிய பிரேக் ஆறும். அதற்குக் கீழே ரப்பர் தோட்டங்கள் வந்துவிடுகின்றன. மரப்பட்டையில் கீறிய கோடு வழியே பால் சொட்டி, கீழே கட்டிய கொட்டாங்கச்சியில் நிறைவதைக் காணலாம். நம் நாட்டு டயர்களுக்கான இயற்கை ரப்பரில் பெரும்பங்கு இந்தக் கோட்டயம் சீமையும் அதைச் சுற்றிய பகுதிகளும் தருவது. சக்கரம் தான் பிறந்த காட்டின் வழியாகவே உருண்டு போகிறது. மார்கழி, தை மாதங்களில் அந்த மரங்கள் இலை உதிர்க்கும். பனியில் நனைந்த அந்தச் சருகுகளின் மேல் பிரேக்கை அழுத்தினால் வண்டி வழுக்கும் என்பதை உள்ளூர் ஓட்டுநர்கள் அறிவர்.

செங்கோட்டை வழி வேறுவிதமானது. திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியே செல்லும் இப்பாதையில் தூரம் கூடும். ஆனால் மலை தாழும். புளியரைக்கு மேல் சில வளைவுகள் ஏறினால் ஆரியங்காவுக் கணவாய் வந்துவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தாழ்ந்த கணவாய்களுள் இது ஒன்று. தாழ்ந்திருந்ததால்தான் 1904ஆம் ஆண்டிலேயே இதன் வழியே ரயிலை விட முடிந்தது. கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலம் சாலையிலிருந்தே தெரியும். இறக்கமும் புனலூர் வரை மெல்ல மெல்லத்தான். அங்கிருந்து பத்தனம்திட்டை, வடசேரிக்கரை, பிலாப்பள்ளி வழியே நிலக்கல்லை அடையும்போதுதான் காட்டு ஏற்றம் வருகிறது.

தரிசனத்தின் கணக்கில் பார்த்தாலும் தெற்கு வழி குறைந்ததன்று. மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவிக்கும் பேறு கிடைக்கிறது. தென்காசியில் உலகம்மையுடன் காசி விசுவநாதர். குற்றாலத்தில் அருவி நீராடலும் குற்றாலநாதர் தரிசனமும் சித்திர சபையும். கணவாயைக் கடந்ததும் ஆரியங்காவில் புஷ்கலா தேவியோடு ஐயன். அங்கே மார்கழியில் நிகழும் திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வந்து சீர் செய்வது இன்றும் தொடர்கிறது. சற்று விலகிச் சென்றால் குளத்துப்புழையில் பாலகனாக இருக்கும் சாஸ்தாவையும், அச்சன்கோவிலில் அரசராக இருப்பவரையும் கண்டு வரலாம்.

எரிமேலியில் பேட்டை துள்ளி, அழுதை, கரிமலை வழியே பெருவழிப் பாதையில் நடக்கும் இளைஞர்களுக்குக் குமுளி வழியே இயல்பானது. அறுபதைத் தாண்டிய பெரியவர்களும் மாளிகைப்புறத்து அம்மாக்களும் பேரக் குழந்தைகளும் உடன் வரும் குடும்பத்துக்குத் தெற்கு வழியே மேல். முதல் நாள் இரவு குற்றாலத்திலோ தென்காசியிலோ தங்கி, விடிந்த பின் மலை ஏற வேண்டும். வடக்கு வழிதான் என்று முடிவானால் தேனியிலோ கம்பத்திலோ தங்கலாம். எந்த வழியானாலும் மலைப்பகுதியைப் பகலில் கடப்பது என்ற ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது. ஒரு நாள் விடுப்பை மிச்சப்படுத்த இரவோடிரவாக மலையைத் தாண்டும் வழக்கம் பிற்காலத்தில் வந்தது. அதில் விரதத்தின் பொறுமை இல்லை.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் இரவு நடந்தது தேனி மாவட்டத்தில் எவருக்கும் மறக்காது. தரிசனம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்டிபட்டிப் பகுதி அன்பர்களின் வாகனம் குமுளி மலைப்பாதையில் கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் விழுந்தது. எட்டு உயிர்கள் பிரிந்தன. அவர்கள் அயலூரார் அல்லர். அந்த மலையின் நிழலிலேயே வாழ்பவர்கள். கேரள எல்லையைத் தாண்டியாயிற்று. வளைவுகள் முடிந்தால் சமவெளி. அதன்பின் இரண்டு மணி நேரத்துக்குள் வீடு. அந்த இடத்தில்தான் அது நேர்ந்தது.

போகும்போது இருக்கும் அச்சமும் கவனமும் வரும்போது இருப்பதில்லை என்பது மலைப்பயணத்தின் பழைய உண்மை. பதினெட்டாம் படி ஏறி, நெய்யபிஷேகம் முடிந்து, அப்பமும் அரவணையும் வாங்கிவிட்டால், உள்ளத்தில் விரதம் முடிந்துவிடுகிறது. உடல் களைத்திருக்கிறது, வேலையும் வீடும் அழைக்கின்றன. ஆனால் குருசாமிகள் வகுத்த முறை அப்படிச் சொல்லவில்லை. புறப்படும் நாளில் வாசலில் தேங்காய் உடைத்து வெளியேறும் ஐயப்பன்மார், வீட்டுக்குத் திரும்பிய பின்னரே மாலையைக் கழற்றுகிறார்கள். தாயோ குருசாமியோ கழற்றி, சுவாமி படத்துக்கு அணிவிப்பது வழக்கம். அதுவரை வீட்டில் ஏற்றிய விளக்கையும் பெண்கள் காத்து வருகிறார்கள். சந்நிதானத்தில் அன்று, வீட்டு வாசலில்தான் விரதம் முடிகிறது. இறங்கும் வழியில் ஓட்டுநரை விரட்டுவது, இன்னும் முடியாத விரதத்தை நடுவழியில் முறிப்பதற்குச் சமம்.

இனி, சக்கரங்களைப் பற்றி. வேன் புறப்படும் முன் அதற்கும் பூசை உண்டு. முகப்பில் வாழைக்கன்று கட்டி, ஐயப்பன் படம் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்படுவது எல்லா ஊரிலும் உள்ளதே. அந்தப் பழத்தை வைக்க யாரோ ஒருவர் குனிகிறார். பெரும்பாலும் குடும்பத்துப் பெரியவர்தான். குனிந்த கண்கள் டயரையும் ஒரு முறை பார்த்துவிட்டால் பூசை முழுமை பெறும்.

பார்க்க வேண்டியது பெரிய சாத்திரமன்று. டயரின் மேற்பரப்பில் பட்டன் என்று ஒர்க்‌ஷாப்பில் வழங்கும் வரிகள் ஆழமாக இருக்க வேண்டும். நனைந்த சாலையில் நீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்களே. அவை தேய்ந்துவிட்டால் சக்கரம் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது மோட்டார் வாகன விதி. அதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். வரிகளுக்கு நடுவே சிறிய மேடு ஒன்றை டயர் செய்பவர்களே வைத்திருக்கிறார்கள். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயரை மாற்றியாக வேண்டும். மலைக்குப் போகும் வண்டிக்கு அந்த எல்லை வரை காத்திருப்பதும் சரியன்று. ரீட்ரெட் செய்த டயரை முன் சக்கரத்தில் போடுவதில்லை என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடும் மதிக்கத்தக்கது. வளைவில் வண்டியைத் திருப்புவது முன் சக்கரங்கள்தாமே. ஸ்டெப்னியையும் கீழே இறக்கிக் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வருடம் முழுவதும் அதை யாரும் தொடுவதில்லை.

டெல்டாவில் இப்போது இன்னொரு வகை வண்டியும் பெருகியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி வைத்த கார். ஆண்டுக்கு இரண்டு முறை ஓடி, மற்ற நாட்களில் கொட்டகையில் நிற்பது. அதன் டயரில் பட்டன் புதிதுபோலவே இருக்கும். ஆனால் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். இறுகி, பக்கவாட்டில் நுண்ணிய வெடிப்புகள் விழும். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பதைக் காணலாம். 3216 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அத்தனை வயதான டயரை மலைக்கு அனுப்புவதைவிட, நல்ல வாடகை வண்டியில் செல்வதே மேல். காற்றையும், வண்டி ஓடிச் சூடேறும் முன், காலைக் குளிரிலேயே அளந்து நிரப்ப வேண்டும். எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஆள் நிறைந்த வண்டிக்கு அதிலேயே தனி அளவு குறித்திருப்பதும் உண்டு.

அந்த மகனோ பேரனோ, பனி பொழியும் நாட்டிலிருந்து தொலைபேசியில், குளிர்கால டயர் போட்டீர்களா என்று கேட்கக்கூடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அக்டோபர் முதல் தேதியிலிருந்து மலை நெடுஞ்சாலைகளில் அந்த டயர் இல்லாமல் செல்லக் கூடாது. பள்ளத்தின் ஆழமும் 3.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உறைபனியிலும் இளகியே இருக்கும்படி செய்த மென்மையான ரப்பர் அது. நம் மேற்கு மலைச் சாலைகளில் அதற்கு வேலையில்லை. சமவெளியின் வெப்பத்தில் அது விரைவில் தேய்ந்தும் போகும். நம் நாட்டில் அப்படிப்பட்ட டயரும், சக்கரத்தில் பூட்டும் சங்கிலியும் தேவைப்படுவது இமயத்தில்தான். பத்ரிநாத்தின் நடை கார்த்திகையில் அடைத்தால் கோடைத் தொடக்கத்தில்தான் திறக்கும். அந்த ஆறு மாதமும் உத்தவரும் குபேரரும் பாண்டுகேசுவரத்தில் இருக்கிறார்கள். ஆதிசங்கரரின் பீடம் ஜோஷிமடத்து நரசிம்மர் கோயிலுக்கு வந்துவிடுகிறது. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திருப்பிரிதி இந்த ஜோஷிமடமே என்பது மரபு. குளிர் மிகுந்தால் மூர்த்திகளே மலையை விட்டு இறங்கி வந்து தங்குகிறார்கள். நள்ளிரவில் மலையைக் கடந்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பக்தர் அதைச் சற்று நினைக்கலாம்.

இறக்கத்தில் ஓட்டும் முறைக்கு ஓட்டுநர்களிடையே ஒரு பழைய கணக்கு இருக்கிறது: ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். வண்டியைத் தடுக்கும் வேலையை எஞ்சினே செய்யும். பிரேக்குக்கு அவ்வப்போதுதான் வேலை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருள விடுகிறவர்கள், அத்தனை பாரத்தையும் பிரேக்கின் தலையில் சுமத்துகிறார்கள். சற்று நேரத்தில் லைனிங் சூடேறிக் கருகிய வாடை வரும். அதன்பின் மிதித்தாலும் பிடிக்காது. அந்த வாடை பின் இருக்கையில் அமர்ந்திருப்பவர் மூக்குக்கும் எட்டும். எட்டினால் சொல்லிவிட வேண்டும். ஓரமாக நிறுத்தி, தண்ணீர் ஊற்றாமல், தானாக ஆற விட வேண்டும். குறுகலான இடத்தில் இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதும் விதியே. முகப்பு விளக்கை மறைக்கும் மாலைகளையும், கண்ணாடியை மறைக்கும் பேனரையும் மலையடிவாரத்தில் அவிழ்த்து உள்ளே வைத்துக்கொண்டால் ஐயப்பன் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஓட்டுநரின் உறக்கம். மண்டல காலத்தில் வாடகை வண்டிகளுக்கு ஓய்வில்லை. காலையில் ஒரு குழுவை இறக்கிவிட்டு, மாலையில் அடுத்த குழுவோடு அதே ஓட்டுநர் புறப்படுவது உண்டு. எனவே வண்டி பேசும்போதே, வீட்டுப் பெரியவர் தயங்காமல் கேட்கலாம்: “ஏன் சாமி, கடைசியா எப்ப மலைக்குப் போயிட்டு வந்தீங்க?” “இன்னிக்குக் காலையிலதான் சாமி பம்பையிலேருந்து வந்தேன்” என்று பதில் வந்தால், புறப்பாட்டை மறுநாளைக்கு மாற்றுவதில் நட்டமில்லை. நல்ல நேரம் மறுநாளும் வரும். வழியிலும் அவருக்கு உணவும் படுக்க இடமும் கொடுப்பது அன்னதானத்துக்குக் குறைந்த புண்ணியமன்று. பக்தர்கள் சந்நிதானத்தில் வரிசையில் நிற்கும் நேரம்தான் நிலக்கல்லில் அவருக்குக் கிடைக்கும் உறக்கம். அந்த நேரத்தில் தொலைபேசியில் எழுப்பாமல் இருந்தால் போதும்.

வழியில் வண்டி பழுதானால் உதவி இல்லாமலில்லை. கேரள மோட்டார் வாகனத் துறையினர் ‘சேஃப் ஸோன்’ என்ற பெயரில் இலவுங்கல், எரிமேலி, குட்டிக்கானம் ஆகிய இடங்களில் பருவகாலக் கட்டுப்பாட்டு அறைகளை நடத்தி, சாலைகளில் ரோந்து சுற்றிவருகிறார்கள். அவர்களது எண்ணைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளலாம்.

திரும்பும் பயணத்தை இப்படி வகுத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. மலை இறங்கியதும் கிளம்பாமல் இரவை நிலக்கல்லில் கழிப்பார்கள். விடியலில் நிலக்கல் மகாதேவரை வணங்கிப் புறப்பட்டு, உச்சிக்கு முன் ஆரியங்காவைத் தாண்டுவார்கள். மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சந்நிதியில் நின்றுவிட்டு, அங்கேயோ மதுரையிலோ தங்குவார்கள். மேலூருக்குக் கிழக்கே சாலையில் மலை இல்லை. ஆனால் மார்கழி விடியலில் பட்டுக்கோட்டைக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையே வயல்களிலிருந்து எழும் பனி, எதிரே வரும் வண்டியின் விளக்கையே விழுங்கிவிடும். ஆகவே மதுரையிலிருந்து சூரியன் எழுந்த பின்னரே கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்குத் திருத்துறைப்பூண்டி வந்து சேர்கிறார்கள். வாசலில் தேங்காயோடு காத்திருப்பவர்களுக்கு அந்தத் தாமதம் பழகிவிட்டது.